குதிகால் தெரிய வேண்டும்

ஜூலை 14

மலை உச்சியில் உட்கார்ந்து மழையை அளந்துகொண்டிருக்கும் கொழுந்தனாருக்கு, கீழே மனிதர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் அண்ணி எழுதுவது.

நலமா என்று கேட்கமாட்டேன். கோபித்துக்கொண்டு போனவன் நலமாக வேறு இருந்தால் இங்கே இருக்கிற எங்களுக்கு என்ன மரியாதை? வானிலை நிலையத்தில் செல்போன் எடுக்காது என்று சொல்லிவிட்டுப் போனாய். எடுக்காதது போனா, ஆளா என்று உன் அண்ணனிடம் கேட்டேன். ஸ்பேனரைத் தேடுகிற மாதிரி எழுந்து போய்விட்டார். வீட்டில் ஏது ஸ்பேனர், எல்லாம் பஸ் டிப்போவில் அல்லவா கிடக்கிறது. அதனால்தான் உனக்குச் சாமான் கொண்டுவருகிற ஜீப் டிரைவரைப் பிடித்துக் கடிதம் கொடுத்து அனுப்புகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் எழுதுவது. பிழை இருந்தால் சிரித்துக்கொள், திருத்தி அனுப்பாதே. நீ அப்படிச் செய்யக்கூடிய ஆள்தான்.

விடுதிச் சலவைக்கூடத்தில், காய்ந்த விரிப்புகளுக்கு நடுவே உட்கார்ந்துதான் எழுதுகிறேன். தாள் ஈரமாக வந்தால் அண்ணி அழுதாள் என்று உருகிவிடாதே. நீராவி.

புதிதாக வேலைக்கு வந்திருக்கிற பெண் ஒருத்தி, லீவு நாளில் உங்கள் வீட்டு ஆம்பளைகள் என்ன செய்வார்கள் என்று கேட்டாள். சொன்னேன். ஒருத்தர் ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குப் பச்சை டேப் சுற்றுவார். உள்ளே ஒரு தாள், ஒரு பென்சில், இரண்டு சாவிக்கொத்து போடுவார். எங்கேயாவது கல்லுக்கடியில் ஒளித்து வைத்துவிட்டு, அந்த இடத்தைப் போனில் ஒரு புள்ளியாகக் குறிப்பார். மற்றவர்கள் புள்ளியைப் பார்த்துப் பார்த்துப் போய்க் கண்டுபிடித்து, தாளில் பேர் எழுதிவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வருவார்கள். யாராவது பார்த்தால் செருப்பு வார் மாட்டுகிற மாதிரி குனிந்துகொள்வார்கள். அவள் கேட்டாள், "அவ்வளவுதானாக்கா?" அவ்வளவுதான் என்றேன். "அப்புறம்?" அப்புறம் அடுத்த டப்பா. அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அன்று என் பங்குக்கு இரண்டு கட்டு விரிப்பு அவளே தேய்த்துக் கொடுத்தாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஷூ கம்பெனி விஷயம்தான். மூஞ்சியைத் திருப்பாமல் படி. விளையாட்டைக் கொண்டுபோய் விற்றுவிட்டாயே என்று நீ கேட்டதும், "உனக்கு யாரும் வராத இடம்தானே பிடிக்கும், அங்கேயே போய்க் கிட" என்று உன் அண்ணன் சொன்னதும், நான் நடுவில் கரண்டியோடு நின்றதும் உனக்கு ஞாபகம் இருக்கும். நீயும் சொன்ன சொல் தவறாமல் யாரும் வராத இடமாகப் பார்த்துப் போய்க் கிடக்கிறாய். இங்கே என்ன ஆயிற்று தெரியுமா? பழைய கல்குவாரியில் நீ வைத்த டப்பா இருக்கிறதே, வருசத்துக்கு ஒருத்தர் எட்டிப் பார்த்தால் அதிசயம் என்று இருந்தது, அங்கே இப்போது வரிசை நிற்கிறது. குவாரியின் எதிர்ப்பக்கப் பாறையில் கம்பெனி ஒரு போர்டு வைத்திருக்கிறது. நம் வீட்டைவிடப் பெரிய ஷூ. டப்பாவைக் கண்டுபிடித்துக் கையில் பிடித்தபடி, பின்னால் அந்த ஷூ முழுசாகத் தெரிகிற மாதிரி படம் எடுத்து அனுப்பினால் பாதி விலைக்கு ஷூ. பெருவிரலிலிருந்து குதிகால் வரை விழ வேண்டும். குதிகால் வெட்டுப்பட்டால் ஒன்றும் கிடையாது. கம்பெனியின் அதிகாரி ஒருத்தர் இருக்கிறார், கல்குவாரிக்கும் டை கட்டிக்கொண்டு வருவார். டைக்காரர் என்றுதான் நான் சொல்வது. அடுத்த மாதம் இருபத்தைந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை குடும்பம் குடும்பமாக டப்பா தேடும் நாள் என்று அறிவித்திருக்கிறார். பொறுப்பெல்லாம் உன் அண்ணன்தான். ஓசி ஷூ போட்டுக்கொண்டு புதுமாப்பிள்ளை மாதிரி நடக்கிறார்.

ஆனால் ஜீப் வருகிற நாளில் மட்டும் வாசலில் நின்றுகொண்டு டிரைவரிடம் டயர் எப்படி இருக்கிறது என்று விசாரிக்கிறார். டயரை விசாரிப்பதற்கு எதற்கு டிரைவரின் பையைப் பார்க்க வேண்டும்?

அவர் டப்பாவோடு நிற்கிற படம் ஒன்று வைத்திருக்கிறேன். குதிகால் தெரிகிறதா பார்.

அண்ணி


ஜூலை 19

அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. நலம். மழை வழக்கத்தைவிட அதிகம்.

படம் பார்த்தேன். ஷூவை அல்ல. அண்ணனுக்கு முன்னால், படம் எடுத்தவர் பக்கத்து ஓரத்தில், அவருடைய நிழல் விழுகிற இடத்தையும் தாண்டி ஒரு துருப்பிடித்த இரும்புத் தூண் தெரிகிறது. முன்பு கல் தூக்கிய இயந்திரத்தின் அடித்தூண் அது. நான் டப்பாவை அந்தத் தூணின் காலடியில் உள்ள பொந்தில் வைத்தேன். யாரும் எடுத்துக்கொண்டு நடக்காதபடி கம்பியால் தூணோடு கட்டியும் இருந்தேன்.

கம்பி எங்கே? அவர் ஏன் தூணைவிட்டு அவ்வளவு தள்ளி நிற்கிறார்?

இதை மட்டும் தெரிந்து எழுதுங்கள். நான் கேட்டதாக அவரிடம் சொல்ல வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் பிழைகள் இருந்தன. திருத்தவில்லை.


ஜூலை 26

திருத்தாத கொழுந்தனாருக்கு,

இரண்டு பக்கம் எழுதினால் கை சுளுக்கிக்கொள்ளுமா? தந்தி மாதிரி எழுதியிருக்கிறாய். பரவாயில்லை, பிழை இருந்தது என்று சொல்கிற அளவுக்காவது மனசு இளகியிருக்கிறது.

நீ கேட்டதை நான் கேட்கிற மாதிரி கேட்டேன். சாப்பிடும்போது கேட்டால் உண்மை வரும் அவருக்கு. கம்பியை அவர்தான் வெட்டினாராம். டப்பா தூணோடு கட்டிக் கிடந்தால் எப்படிக் கையில் பிடித்துப் படம் எடுப்பது? தூணடியில் நின்றால் வலப்பக்கம் ஒரு பாறை முகடு துருத்திக்கொண்டு குதிகாலை மறைக்கிறதாம். கொஞ்சம் முன்னால் வந்தால்தான் முழு ஷூவும் விழுகிறதாம். இதில் என்ன இருக்கிறது, இரண்டு எட்டு நகர்ந்தால் என்ன குடியா முழுகிவிடும் என்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை நானும் போயிருந்தேன், முட்டிவலியோடு. பாதையின் மேலேயே ஒரு கல்லில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். கணவன் மனைவி ஜோடி ஒன்று வந்தது. டப்பாவைக் கண்டுபிடித்ததும் கணவன் டப்பா இருந்த இடத்தில் நின்று போனைத் தூக்கிப் பிடித்தான். மனைவி டப்பாவோடு அவனுக்கு முன்னால் போய் நின்றாள். "இன்னும் கொஞ்சம் தள்ளு, குதிகால் வெட்டுது" என்றான். தள்ளினாள். படம் விழுந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு, அவள் நின்ற இடத்திலேயே புல்லுக்குள் டப்பாவைச் செருகிவிட்டு வந்தார்கள். நல்ல பிள்ளைகள், சுற்றிக் கிடந்த குப்பையைக்கூடப் பொறுக்கிக்கொண்டு போனார்கள்.

டப்பா நகர்ந்தால் புள்ளியைத் தேடி வருகிறவர்களுக்குக் கிடைக்காதே என்று உனக்காக நான் ஒரு சந்தேகம் கேட்டேன். அதில்தான் உன் அண்ணனுக்குப் பெருமையே. கம்பெனி போட்டுக்கொடுத்த ஆப், டப்பாவைக் கண்டுபிடிக்கிற ஒவ்வொருத்தரும் எங்கே நின்றார்கள் என்று பார்த்துப் புள்ளியைத் தானே சரிசெய்துகொள்ளுமாம். "முன்னெல்லாம் அவன் ஒவ்வொரு டப்பாவுக்கும் நடையா நடந்து போய்ப் பார்த்துத் திருத்துவான். இப்போ அதுவே திருத்திக்குது" என்றார். அவன் என்று உன்னைத்தான் சொல்கிறார். உன் பேச்சை எடுக்கக் கூடாது என்று எனக்குச் சட்டம் போட்டவர்.

இன்னொரு வேடிக்கை. ஒரு பெண்மணியின் கைப்பை உருண்டு குவாரிக்குள் போய்விட்டது. எல்லோரும் சத்தத்துக்காகக் காது கொடுத்து நின்றோம். சத்தமே வரவில்லை. போய்விட்டதா, தொங்குகிறதா என்று பேசிக்கொண்டிருந்தபோது, கீழே பச்சைத் தண்ணீரில் கை தட்டுகிற மாதிரி ஒரு ஓசை வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். டைக்காரர் ஷூ படம் போட்ட பை ஒன்று கொடுத்து அந்த அம்மாவைச் சமாதானப்படுத்தினார்.

நானும்தான் சிரித்தேன். ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோதுதான் அந்தச் சத்தம் ஏன் அவ்வளவு நேரம் கழித்து வந்தது என்று தோன்றியது. எதன் மேலும் இடிக்காமல் நேராகவா விழுந்தது?

அண்ணி


ஆகஸ்ட் 1

அண்ணி,

இதை உட்கார்ந்து படியுங்கள். வேலைக்கு நடுவே படிக்காதீர்கள்.

நீங்கள் பார்த்த அந்த ஜோடி செய்ததைத்தான் வந்த எல்லோரும் செய்திருக்கிறார்கள். படம் எடுப்பவர் டப்பா இருந்த இடத்தில் நிற்கிறார். எடுத்துக்கொள்பவர் டப்பாவோடு அவருக்கு முன்னால் போகிறார். படம் முடிந்ததும் காலடியிலேயே வைக்கிறார். அடுத்து வருகிறவர் டப்பா அங்கேதான் எப்போதும் இருந்தது என்று நினைக்கிறார். அவரும் அங்கே நின்று இன்னொருவரை முன்னால் அனுப்புகிறார். யாரும் தப்புச் செய்யவில்லை. எல்லோரும் எடுத்த இடத்தில் வைத்ததாகத்தான் சத்தியம் செய்வார்கள். டப்பா குவாரியைப் பார்த்து நடந்துகொண்டிருக்கிறது. புள்ளி அதன் பின்னாலேயே போகிறது.

நான் புள்ளியைத் திருத்த நடந்து போனது எண்ணைச் சரிபார்க்க மட்டும் அல்ல. டப்பா தன் இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க. நகர்ந்திருந்தால் நான் டப்பாவைத்தான் பழைய இடத்துக்குக் கொண்டுபோவேன். புள்ளியை அதன் பின்னால் அனுப்பமாட்டேன். அண்ணனுக்கு அந்த வித்தியாசம் புரியவில்லை. நான் சொல்லியும் கொடுக்கவில்லை. நான் செய்தால் போதும் என்று இருந்துவிட்டேன்.

கைப்பை எதன்மீதும் இடிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இடிக்காது. டப்பா வைப்பதற்கு முன்னால் நான் கீழே இறங்கித் தண்ணீரோரம் நின்று அண்ணாந்து பார்த்திருக்கிறேன். கல் எடுத்தவர்கள் அடியிலிருந்து குடைந்திருக்கிறார்கள். மேலே நிற்பவருக்குத் திடமான தரையாகத் தெரிவது, கீழிருந்து பார்த்தால் வீட்டு முகப்பில் நீட்டிவிட்ட தகரக் கூரை போலத் தெரியும். புல்லின் வேர்கள் அந்தரத்தில் தொங்குகின்றன. அதனால்தான் தூணைத் தேர்ந்தெடுத்தேன். அதனால்தான் கம்பி.

போன மாதம் பெய்த மழையை நான் அளந்திருக்கிறேன். அது எங்கே இறங்கியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

நான் சொன்னால் பொறாமையில் சொல்கிறான் என்பார். நீங்கள் ஒருமுறை, கூட்டம் இல்லாத நாளில், தனியாக இல்லாமல், போய்ப் பார்த்து எழுதுங்கள். தூணைத் தாண்டாதீர்கள். தூணைப் பிடித்துக்கொண்டு பாருங்கள். டப்பா எங்கே இருக்கிறது, அதற்கு அப்பால் எவ்வளவு தரை இருக்கிறது. அவ்வளவுதான்.

இதில் சிரிப்பதற்கு ஒன்றும் இல்லை அண்ணி.


ஆகஸ்ட் 8

கொழுந்தனாருக்கு,

சிரிக்கவில்லை என்று எழுதத்தான் ஆசை. ஆனால் நான் செய்த காரியத்தைக் கேட்டால் நீயே சிரிப்பாய்.

விடுதியில் லீவு சொல்லிவிட்டு அந்தப் புதுப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போனேன். கொதிக்கிற தண்ணீரிலிருந்து விரிப்பு எடுக்கிற நீளக் கொம்பு ஒன்று உண்டல்லவா, நுனியில் கொக்கி வைத்தது, அதையும் கொண்டுபோனேன். எதற்கு என்று அவள் கேட்டாள். முட்டிவலிக்கு ஊன்றிக்கொள்ள என்றேன்.

தூணைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். டப்பா ஒரு புல் குத்துக்குள் இருந்தது. புல் குத்துக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று கேட்டாய். வானம் இருக்கிறது. எதிர்ப்பக்க ஷூ இருக்கிறது. தரை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. அந்தப் புல்லைச் சுற்றி எத்தனை காலடிகள், தம்பி. சின்னக் காலடிகளும் இருந்தன.

கொம்பால் தரையைத் தட்டிப் பார்த்தேன். தூணடியில் தட்டினால் கல் தட்டுகிற சத்தம். அங்கே தட்டினால் காலி டிரம்மைத் தட்டுகிற சத்தம். இரண்டாம் தடவை தட்டவில்லை. நான் தட்டி முடித்த பிறகும் எங்கேயோ கீழே பொடிக்கல் உதிர்கிற சத்தம் மட்டும் வந்துகொண்டே இருந்தது. நானும் அசையவில்லை, அவளும் அசையவில்லை. காற்றும் இல்லை. பிறகு எது அசைந்தது என்று தெரியவில்லை.

திரும்பி வந்திருப்பேன். அந்தச் சின்னக் காலடிகள்தான் விடவில்லை. அவளை என் இரண்டு காலையும் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, தரையில் குப்புறப் படுத்தேன். இந்த உடம்போடு நான் ஊர்ந்ததை டைக்காரர் படம் எடுத்திருந்தால் ஷூவுக்குப் பதில் என்னைப் போர்டில் போட்டிருப்பார். கொம்பை நீட்டிக் கொக்கியால் டப்பாவை இழுத்துவிட்டேன். இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன் வீட்டுக்கே.

இப்போது உன் டப்பா என் அலமாரியில், தலையணை உறைகளுக்கு அடியில், பத்திரமாக இருக்கிறது. உன் அண்ணனுக்குத் தெரியாது. டப்பா இல்லை என்றால் ஆட்டம் இல்லை. வருவார்கள், தேடுவார்கள், உதட்டைப் பிதுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். இருபத்தைந்தாம் தேதிக்குள் எல்லோருக்கும் சலித்துவிடும். டைக்காரர் வேறு எங்காவது போய்க் கடை விரிக்கட்டும்.

எப்படி உன் அண்ணியின் மூளை? ஐந்தாம் வகுப்புக்கே இவ்வளவு.

அண்ணி


ஆகஸ்ட் 12

அண்ணி,

ஜீப் வருகிற நாள் அல்ல. பால் கொண்டுவந்தவரிடம் கெஞ்சி இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

டப்பாவை எடுத்திருக்கக் கூடாது. உங்கள் மேல் தப்பில்லை, நான் சொல்லாமல் விட்டேன். டப்பா கிடைத்தவன் நின்றுவிடுவான். கிடைக்காதவன் நிற்கமாட்டான். நாங்கள் எல்லோரும் அப்படித்தான், நானும் அப்படித்தான். போன் காட்டும் புள்ளி நாலைந்து அடி முன்னே பின்னே பிசகும் என்று எங்களுக்குத் தெரியும். புள்ளியில் இல்லை என்றால் சுற்றி நாலைந்து அடி துழாவுவோம். புல்லைப் பிடுங்குவோம், கல்லைப் புரட்டுவோம். அதுவும் இல்லை என்றால், கெட்டிக்காரன் ஒருவன் விளிம்புக்கு அடியில் ஒளித்திருக்கிறான் என்று குப்புறப் படுத்துக் கையைக் கீழே விடுவோம். உதட்டைப் பிதுக்கிக்கொண்டு யாரும் போகமாட்டார்கள்.

டப்பாவைத் தூணடியில் கட்டிவிடுங்கள், எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி. அண்ணனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். நான்தான் சொன்னேன் என்றே சொல்லுங்கள். என்னைத் திட்டட்டும்.


ஆகஸ்ட் 16

தம்பி,

பால்காரர் கொண்டுவந்து கொடுத்தார். படித்ததும் அலமாரியைத் திறந்து டப்பாவை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினேன். வாசலில் உன் அண்ணன் போனும் கையுமாகச் சிரித்துக்கொண்டு நின்றார். உன் குவாரி டப்பாவை இன்று காலையில் மட்டும் ஐந்து பேர் கண்டுபிடித்துவிட்டார்களாம்.

டப்பா என் பையில் இருக்கிறது. அதை ஐந்து பேர் கண்டுபிடித்திருக்கிறார்கள். நேற்றும் கண்டுபிடித்திருக்கிறார்கள், முந்தாநாளும்.

படத்தைக் காட்டச் சொன்னேன். பச்சை டேப் சுற்றிய டப்பா, பிடித்திருக்கிற கை, பின்னால் குதிகால் வரைக்கும் முழு ஷூ. ஆள் நிற்கிற படமாகவே இல்லை. கைக்குக் கீழே நேராகப் பச்சைத் தண்ணீர் தெரிந்தது.

பையிலிருந்து உன் டப்பாவை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். வெட்டின கம்பித் துண்டு அதில் அப்படியே இருந்தது. கம்பி நுனியைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"இது இங்க இருந்தா, அங்க இருக்கிறது எது?"

பிறகு அவரே சொன்னார். தேடிக் கிடைக்காத எவனோ வந்த வேலையை விட மனசில்லாமல் தன் டப்பா ஒன்றை வைத்துவிட்டு, கண்டுபிடித்ததாகக் கணக்குக் காட்டிவிட்டுப் போயிருக்கிறான். உங்கள் ஆட்டத்தில் இது ஒரு பழைய திருட்டுத்தனமாமே. நீ இருந்தவரைக்கும் யாரும் செய்யத் துணியவில்லை என்றார்.

நீ எழுதின கடிதங்களை எல்லாம் எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொன்றாகப் படித்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். டைக்காரருக்குப் போன் போட்டுப் புள்ளியை எடுத்துவிடச் சொன்னார். அந்த மனிதர் மரியாதையாகத்தான் பேசினார். அதிகம் பேர் வருகிற புள்ளி அதுதான், இருபத்தைந்து முடியட்டும், மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன், எந்த டப்பாவாக இருந்தால் என்ன, கண்டுபிடித்தால் கண்டுபிடித்ததுதானே என்றாராம்.

நாளைக் காலையில் இவரே போய் அந்த இரண்டாவது டப்பாவை எடுத்துவரப் போகிறார். டிப்போவிலிருந்து கயிறு கொண்டுவந்திருக்கிறார். நான் கூட வரக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். நானா கேட்பேன்?

அண்ணி


ஆகஸ்ட் 29

தம்பி,

உடனே எழுதவில்லை என்று கோபிக்காதே. எழுத உட்கார்ந்தால் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். உன் அண்ணன் இருக்கிறார். உடம்புக்கு ஒன்றும் இல்லை.

அன்று காலை யாரும் வருவதற்கு முன்னால் போனோம். கயிற்றை இடுப்பில் கட்டி, மறுமுனையைத் தூணில் இரண்டு சுற்றுச் சுற்றி நான் பிடித்துக்கொண்டேன். குப்புறப் படுத்து ஊர்ந்து போனார். தலையும் தோளும் எனக்குத் தெரியவில்லை, இடுப்பிலிருந்து கால்வரைதான் தெரிந்தது. அந்த ஓசி ஷூவின் அடிப்பாகம் என்னைப் பார்த்தபடி இருந்தது. இன்னும் தேய்ந்திருக்கவே இல்லை. டப்பா விளிம்புக்குக் கீழே ஒரு இடுக்கில் இருந்திருக்கிறது. என் சலவைக் கொம்பின் கொக்கியில் மாட்டி எடுத்துவிட்டார். பின்பக்கமாகவே ஊர்ந்து வந்து, இடுப்புக் கயிற்றை அவிழ்த்துப் போட்டுவிட்டு, தூணில் சாய்ந்து உட்கார்ந்து, மூடியைத் திறந்து யார் யார் பேர் இருக்கிறது என்று பார்த்தார். நான் கயிற்றைச் சுருட்டத் திரும்பினேன்.

பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. நனைந்த விரிப்பு ஒன்றைச் சிமெண்டுத் தரையில் போட்டால் வருமே, அந்த மாதிரி. அப்புறம் கொஞ்ச நேரம் எதுவும் இல்லை. பிறகுதான் கீழே தண்ணீர் எழும்பி விழுந்தது.

திரும்பிப் பார்த்தால் புல் குத்து இல்லை. ஷூவை மறைத்துக்கொண்டிருந்த அந்தப் பாறை முகடும் இல்லை. நான் சுருட்டாமல் விட்ட கயிறு போய் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. உன் அண்ணன் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னைக் கேட்டார்:

"இவ்வளவு நேரம் நான் எங்க படுத்திருந்தேன்?"

நான் கயிற்றை இழுத்து எடுத்துக்கொண்டு, அவரைக் கைபிடித்து எழுப்பினேன்.

டைக்காரர் அன்று மத்தியானமே வந்து பார்த்தார். முகம் வெளுத்துத்தான் போயிருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் தூணடியில் நின்று எதிரே பார்த்தவர், முகடு விழுந்துவிட்டதால் இனி இங்கிருந்தே குதிகால் தெரிகிறது, யாரும் முன்னால் போகவேண்டிய அவசியமே இல்லை என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். உன் அண்ணன் ஷூவைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு வீட்டுக்கு நடந்தார்.

இருபத்தைந்தாம் தேதி விழாவை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். புள்ளியையும் எடுத்துவிட்டார்கள். எடுத்து என்ன? ஏற்கெனவே வந்தவர்கள் எல்லோர் போனிலும் அது இருக்கிறது, ஒருத்தருக்கு ஒருத்தர் அனுப்பிக்கொள்கிறார்கள். பாறை விழுந்த செய்தி வேறு பரவிவிட்டது. அந்தப் பிளவுக்குள் கம்பெனி ஒரு பெரிய பரிசு டப்பாவை ஒளித்து வைத்திருக்கிறது, அதனால்தான் புள்ளியை மறைத்துவிட்டார்கள் என்று எவனோ கிளப்பிவிட்டிருக்கிறான். நகராட்சியிலிருந்து வந்து சிவப்பு நாடா கட்டினார்கள். நாடாவோடு நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். முன்பு வந்ததைவிட இப்போது அதிகம் பேர் வருகிறார்கள், தம்பி.

உன் அண்ணன் டிப்போவில் லீவு போட்டுவிட்டு, தினமும் அங்கே பாதையில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். வருகிற ஒவ்வொருத்தரிடமும் சொல்கிறார். இங்கே டப்பா இல்லை, நானே எடுத்துவிட்டேன், அடியில் தரை இல்லை, திரும்பிப் போங்கள். சிரித்துக்கொண்டே கேட்கிறார்கள். முந்தாநாள் நான் சோறு கொண்டுபோயிருந்தேன். இரண்டு பேர் அவர் சொன்னதை எல்லாம் தலையாட்டிக் கேட்டுவிட்டு, என் பக்கமாக நடந்து போனார்கள். ஒருத்தன் மற்றவனிடம் சொன்னது என் காதில் விழுந்தது:

"காவலுக்கு ஆள் உக்கார வச்சிருக்காங்க பாரு. அப்ப கண்டிப்பா இங்கதான் இருக்கு."

அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு அவர்கள் பின்னால் ஓடினார். அதைப் பார்த்ததும் அவர்களும் ஓடத் தொடங்கினார்கள், சிரித்துக்கொண்டே, தூணைப் பார்த்து. கெட்ட வார்த்தை சொல்லிச் சட்டையைப் பிடித்து இழுத்த பிறகுதான் நின்றார்கள். அப்போதும் ஒருத்தன் கேட்கிறான், இதுவும் ஆட்டத்தில் உண்டா சார் என்று.

அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. இவர் எப்படிச் சொன்னாலும் அது அவர்களுக்கு ஒரு துப்பாகத்தான் படுகிறது. உங்கள் ஆட்டத்தில் ஒரு பழக்கம் உண்டு என்றார். டப்பாவை முதலில் வைத்தவன் நேரில் வந்து, முடிந்துவிட்டது, இனி இங்கே தேடாதே என்று சொன்னால் மட்டும் கேட்பார்களாம். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அவனை வரச் சொல்லு. நான் கூப்பிட்டேன்னு எழுது."

இவ்வளவு எழுதி முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மழையில் யாரும் வரமாட்டார்கள், அவரும் சீக்கிரம் திரும்பிவிடுவார் என்று நினைத்தேன். இப்போதுதான் வாசலில் ஒரு வண்டி வந்து நின்று, கண்ணாடியை இறக்கி, கல்குவாரிக்கு எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். போனில் புள்ளி தெரிகிறதாம், பாதைதான் தெரியவில்லையாம். பின்சீட்டில் குழந்தைகள். நான் தெரியாது என்றேன். அவர்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

வண்டி திரும்பிக்கொண்டிருக்கிறது. குறுக்குவழியில் நான் முந்திப் போக வேண்டும். மீதியை நேரில் சொல்கிறேன்.

அண்ணி